விளைந்தும் கையில் நிற்கவில்லையா? நெல்லைப் பக்க விவசாயக் கணக்கில் கோளாறு பார்க்கும் முறை

தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு பூவும் (இரண்டு போக நெல்லும்) நன்றாக விளைந்த வருஷத்தில் கடனாளியாக நிற்கிறவர் உண்டு. மானூர் பக்கத்துக் கரிசலில் பாதி வெள்ளாமையோடு சமாளித்துக்கொள்கிறவரும் உண்டு. கஷ்ட காலத்தில் இரண்டு பேரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "கையில காசு இல்ல." ஆனால் அந்த ஒரு பதிலுக்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன.

முதலாவது தட்டுப்பாடு. பணம் வரும், பிந்தி வரும். வாழை வெட்ட இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, உரக்கடைக்காரர் இன்றைக்குக் கேட்கிறார். இரண்டாவது நட்டம். நாற்றுப் பாவும்போதே ஏக்கருக்கு இவ்வளவு போகும் என்பது முடிவாகிவிட்டது, நமக்குத்தான் தெரியாது. மூன்றாவது பழைய கடன். இந்த வருஷ வயல் சரியாகத்தான் ஓடுகிறது, போன வருஷங்களின் வட்டி அதைத் தின்கிறது.

கடன் வாங்குவது முதல் கோளாறுக்கு மட்டும்தான் மருந்து. நட்டத்தில் ஓடும் பயிருக்குக் கடன் வாங்கினால் அடுத்த வருஷம் நட்டமும் இருக்கும், வட்டியும் இருக்கும். ஆகவே கூட்டுறவு சொசைட்டிக்கோ நகைக்கடைக்கோ கிளம்பும் முன் எந்தக் கோளாறு என்று பாருங்கள்.

அதற்கு ஒரு நோட்டும் ஒரு சாயங்காலமும் போதும். கடைசி கார் (ஜூனில் தொடங்கும் நெல் பருவம்), கடைசி பிசானம் (அதற்கு அடுத்த நெல் பருவம்) இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம். வாழையோ முருங்கையோ இருந்தால் அதற்கும் ஒரு பக்கம். என்ன செலவு, எந்தத் தேதி. என்ன வரவு, எந்தத் தேதி. தேதி ரொம்ப முக்கியம். ஞாபகத்தில் இல்லாததை உரக்கடைப் பில், பாஸ்புக், போனில் இருக்கும் ஜிபே வரவுசெலவு எல்லாம் சொல்லும். வீட்டுச் செலவை இதில் சேர்க்காதீர்கள், அது தனிப் பக்கம். வரவு செலவைவிட அதிகமாக இருந்தும் நடுவில் சில மாதம் பள்ளம் விழுந்தால் தட்டுப்பாடு. வரவே குறைவு என்றால் நட்டம். வரவு அதிகம், பள்ளமும் இல்லை, ஆனாலும் காசு இல்லை என்றால் கடனும் வீட்டுச் செலவும்தான்.

இனி அறிகுறி வாரியாகப் பார்ப்போம். உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

அறிகுறி: நெல் நன்றாக விளைந்தது, அறுத்து முடித்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை

முதலில் பார்க்க வேண்டியது ஒரு குவிண்டால் நெல் உங்களுக்கு என்ன விலையில் அடங்குகிறது என்பது. மொத்தச் செலவை மொத்த குவிண்டாலால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் இதைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

கணக்குக்காக ஓர் ஏக்கர் அம்பை 16 ரக நெல்லை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குப் போட்டவை, உங்கள் நோட்டில் இருப்பதை இதே இடத்தில் வையுங்கள். உழவு 6,000. விதை, நாற்று 2,000. நடவு 6,000. உரம் 4,500. மருந்து 2,500. களை 3,000. அறுவடை வண்டி 4,500. சாக்கு, ஏற்றுகூலி 1,500. ஆக 30,000. விளைச்சல் 22 குவிண்டால் என்றால் ஒரு குவிண்டால் சுமார் 1,364 ரூபாய்க்கு அடங்குகிறது. சொந்த நிலத்துக்காரருக்கு இது நல்ல கணக்கு. இதே நிலம் 12,000 ரூபாய் குத்தகை என்றால் செலவு 42,000 ஆகிவிடும். குவிண்டால் அடக்கம் 1,909. ஈர நெல்லைக் களத்திலேயே 1,900க்குத் தள்ளிவிட்டால் குத்தகைக்காரருக்கு மொத்தமாக 200 ரூபாய் நட்டம். அதே நெல்லைக் காயவைத்து 2,500க்குப் போட்டால் 13,000 மிச்சம். வயலும் மழையும் உழைப்பும் ஒன்றுதான். ஆகவே அடக்க விலை தெரியாமல் விலை பேசப் போகாதீர்கள்.

அடக்க விலை அதிகமாக இருந்தால் எங்கே குறைப்பது? பலரும் நடவுக் கூலியில்தான் கை வைக்கிறார்கள். நான் முதலில் உர மூட்டையைப் பார்க்கச் சொல்வேன். குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 40 மணிச்சத்து, 40 சாம்பல்சத்து என்பது பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு மாற்றினால் டிஏபி ஒரு மூட்டைகூட முழுதாக வேண்டாம், 35 கிலோ போதும். யூரியா 45 கிலோ மூட்டை இரண்டு. பொட்டாஷ் அரை மூட்டைக்குக் கொஞ்சம் மேல். மண் பரிசோதனை செய்தால் இதிலும் குறையலாம். உங்கள் பில்லில் இதைவிட எவ்வளவு கூட இருக்கிறது என்று பாருங்கள்.

யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, ஒரு மூட்டை கூடப் போட்டால் என்ன என்று தோன்றும். அந்த மூட்டையின் விலை அங்கே முடிவதில்லை. பயிர் கரும்பச்சையாகத் தழைக்கும், குலைநோயும் புகையான் பூச்சியும் தேடி வரும், மருந்துச் செலவு ஏறும். கதிர் முற்றும்போது ஒரு காற்று அடித்தால் வயல் படுத்துவிடும். அறுவடை வண்டிக்கு வாடகை மணிக்கணக்கில். நின்ற பயிரை அறுக்கும் நேரத்தைவிடப் படுத்த பயிரை அறுக்க வெகுநேரம் ஆகும்; வயலில் ஈரமும் இருந்தால் டயர் வண்டி இறங்காது, வாடகை கூடிய செயின் வண்டிதான் வர வேண்டும். உதிரும் நெல் தனி. அறுவடைச் செலவு எகிறிவிட்டது என்று வண்டிக்காரரைத் திட்டுகிற பலருக்கு ஓட்டை இருப்பது இரண்டாம் மேலுரமாகப் போட்ட அந்தக் கூடுதல் யூரியாவில்.

வண்டி வாடகைக்கு இன்னொரு வழி, பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒரே நாளில் அறுப்பது. வண்டி ஒவ்வொரு வயலாக ஏறி இறங்கித் திரும்பும் நேரம் மிஞ்சும். இதற்கு நடவையும் ஒரே வாரத்தில் வைத்திருக்க வேண்டும், ஆகவே பேச்சை நாற்றங்காலிலேயே தொடங்குங்கள். உழவுக்கு வேளாண் பொறியியல் துறை டிராக்டரை உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். சீசன் சூட்டில் கேட்டால் கிடைக்காது.

வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கட்டு கட்டும் வண்டி வருகிறது, மாட்டுக்காரர்கள் வாங்குகிறார்கள், அது காசு.

அறிகுறி: அறுத்த அன்றே, கேட்ட விலைக்கே விற்க வேண்டியிருக்கிறது

இது பெரும்பாலும் தட்டுப்பாடு. ஆனால் இரண்டு வகை.

ஈர நெல் என்பதால் வைத்திருக்க முடியவில்லை என்றால், தீர்வு தார்ப்பாயும் களமும்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்துக்கு அங்கே பொது ரகத்துக்கு குவிண்டால் 2,500, சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். அம்பை 16 குண்டு நெல், பொது ரகத்தில்தான் வரும். சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு), ஆதார், பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் கதிர் பால் பிடிக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறுத்த பிறகு அடங்கலுக்காக கிராம நிர்வாக அலுவலரைத் தேடினால், அவர் தேர்தல் வேலையில் இருப்பார். நெல் களத்தில் முளைக்கும். இதற்காகவே வியாபாரிக்குப் போன நெல் எவ்வளவோ. பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், ஆகவே முடங்கிக் கிடக்கும் பழைய கணக்கு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது வகைதான் மோசம். முன்பணம் வாங்கியதால் அவரிடமே போட வேண்டியிருக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் 20,000 ரூபாய்க்குச் சரக்குக் கொடுத்தார், வட்டி இல்லை என்றார். நான்கு மாதம் கழித்து நெல்லை எடுக்கும்போது வெளி விலையைவிடக் குவிண்டாலுக்கு 200 குறைத்துப் போடுகிறார். 22 குவிண்டாலுக்கு 4,400 ரூபாய். 20,000க்கு நான்கு மாதத்துக்கு 4,400 என்றால் நூற்றுக்கு மாதம் அஞ்சரை வட்டி. வட்டி இல்லாத கடன் என்று நினைத்து நாம் வாங்கியது இதுதான். அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை, ஆத்திர அவசரத்துக்குக் கொடுக்கிறவர் அவர்தான். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்கிற ஒருவர் இந்த வட்டிக்கு உரம் வாங்குவது தேவையில்லாத செலவு.

உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், வத்தல் என்றால் வேறு வசதி இருக்கிறது. இவை அழுகாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிட்டங்கியில் இருப்பு வைத்து, சரக்கின் மதிப்பில் முக்கால் பங்கு வரை பொருளீட்டுக் கடன் கேட்கலாம். கையில் காசும் வரும், விலை ஏறும்வரை சரக்கும் நிற்கும். விலை கட்டாயம் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது, மாசி பங்குனியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கொட்டுகிறபோது விழுந்த விலை அப்படியே நிற்பதில்லை என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. 2025-26க்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அரசுக் கொள்முதல் நடக்கும் காலத்தில் 12 சதவீத ஈரப்பதத்துக்குள், தூசி தும்பு இல்லாமல் இருந்தால்தான் எடுப்பார்கள். சலித்து எடுத்துப் போங்கள்.

அறிகுறி: வாழை போட்டால் ஒரு வருஷம் லட்சாதிபதி, மறு வருஷம் கடனாளி

களக்காடு, ஏர்வாடி, சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கத்தில் இதுதான் பொது வியாதி. ஆறடிக்கு ஆறடி என்றால் ஏக்கருக்கு 1,210 கன்று. அத்தனைக்கும் கன்று, குழி, உரம், முட்டுக்கம்பு என்று பத்துப் பதினோரு மாதம் காசு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெளியே வருவது ஒரே நேரத்தில். அந்த நேரத்துக்கு என்ன விலையோ அதுதான் ஒரு வருஷ வருமானம்.

ஏத்தன் (நேந்திரன் வாழை) போட்டவருக்குத் தெரியும், எல்லாம் கேரளக்காரர் கையில். ஓணத்துக்கு முன்னால் போன் நிற்காமல் அடிக்கும். ஓணம் முடிந்ததும் இப்படி:

"அண்ணாச்சி, அங்க லோடு தேங்கி நிக்கு. ரெண்டு நாள் பொறுத்து வெட்டுவோம்."

ரெண்டு நாள் நாலு நாள் ஆகும். அப்புறம் வந்து தாரைத் தட்டிப் பார்ப்பார்.

"முத்திப் போச்சுல்லா அண்ணாச்சி. இனி இந்த வெலைக்கு எடுத்தா எனக்குக் கட்டாது."

இது வியாபாரம், இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. தோப்பு முழுவதும் ஒரே வாரத்தில் நட்டதால்தான் அவர் சொல்வதற்குத் தலையாட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு ஏக்கர் இருந்தால் மூன்று தவணையாக, ஒன்றரை இரண்டு மாத இடைவெளியில் நடுங்கள். ஒரு பகுதியை ஓணத்துக்குக் குறி வைத்து ஐப்பசி கார்த்திகையில் நடலாம். ஆனால் ஊரே அதைத்தான் செய்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. மிச்சப் பகுதியில் ரசகதலியோ கோழிக்கூடோ நாட்டு வாழையோ வைத்தால் உள்ளூர்ச் சந்தையும் இலைக்கட்டு வியாபாரமும் கை கொடுக்கும். இப்படிச் செய்தால் பெரிய லாபம் வரும் வருஷத்தில் லாபம் கொஞ்சம் குறையும். அதைக் கொடுத்துத்தான் நிம்மதியை வாங்குகிறோம்.

முதல் மூன்று நான்கு மாதம் வாழைக்கு நடுவில் வெயில் விழும் இடம் சும்மா கிடக்கிறது. உளுந்தோ கீரையோ சின்ன வெங்காயமோ போட்டால், வாழை காசு கேட்கும் மாதங்களில் காசு வரும். தட்டுப்பாட்டுக்கு இதைவிட மலிவான கடன் கிடையாது.

எடை போடும்போது தாருக்கு எத்தனை கிலோ கழிவு என்பதை வெட்டுக்கு முன்னாலேயே பேசி முடியுங்கள். வெட்டிப் போட்ட தாரை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது.

அப்புறம் காற்று. ஆனி ஆடியில் மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று ஒரு ராத்திரியில் தோப்பைச் சாய்த்துவிடும். பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று பலர் நம்புகிறார்கள். வாழைக்கு நாம் கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை. ஆனால் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் தனி வயலுக்கென்று பார்க்கிற இழப்புகள் ஆலங்கட்டி, மண்சரிவு, நீர் சூழ்தல், மேகவெடிப்பு, மின்னல் தீ போன்றவை. வெறும் காற்றில் உங்கள் தோப்பு மட்டும் சாய்ந்தால் அந்தப் பட்டியலில் இடம் இல்லை; பகுதி அளவில் மகசூல் குறைந்தால்தான் பேச்சு. ஆகவே முட்டுக்கம்புச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். கஷ்ட காலத்தில் முதலில் வெட்டப்படும் செலவு அதுதான், வெட்டவே கூடாததும் அதுதான். வரப்பு ஓரத்தில் சவுக்கோ அகத்தியோ வைத்தால் சில வருஷத்தில் கம்பும் சொந்தம், காற்றுத் தடுப்பும் சொந்தம். சாய்ந்த பிறகு என்றால், அழுது முடித்துவிட்டு ஒரு நல்ல பக்கக்கன்றை மட்டும் விட்டு மறுதாம்பு எடுங்கள். கன்றுச் செலவும் குழிச் செலவும் மிச்சம்.

அறிகுறி: பயிர் போச்சு, இழப்பீடு வரவில்லை

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் புகாரை எல்லா ஊரிலும் கேட்டோம். முதலில், வெள்ள நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. நிவாரணம் அரசு கொடுப்பது: 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால் இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 என்ற அளவில் அப்போது வழங்கப்பட்டது. காப்பீடு நீங்கள் பிரீமியம் கட்டியிருந்தால் மட்டும்.

வரவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். அடங்கலில் அந்தப் பருவத்துக்கு என்ன பயிர் எழுதியிருக்கிறது? வயலில் வாழை, ஏட்டில் நெல் என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். காப்பீட்டு ரசீதில் சர்வே எண், உட்பிரிவு, கிராமம் சரியா? ஒரே பெயரில் இரண்டு கிராமம் இருந்தால் குழப்பம் நிச்சயம். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா? இவை எல்லாம் சரி என்றால், உங்கள் கிராமத்தின் பயிர் அறுவடைப் பரிசோதனை முடிவு என்ன என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். நெல்லுக்குக் கிராமத்தின் சராசரிதான் கணக்கு. உங்கள் வயல் மொத்தமாகப் போயிருந்தாலும் ஊர் சராசரி நன்றாக இருந்தால் வராது. அநியாயமாகத் தோன்றும், ஆனால் திட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

தனி வயல் இழப்பு என்றால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தேதி தெரிகிற போட்டோவோடு. அடிவாரத்து ஊர்களில் பன்றித் தொல்லைக்குக் காப்பீடு இல்லை என்பதுதான் நெடுநாள் குறை. காட்டு விலங்குச் சேதத்தையும், நெல் வயல் மூழ்குவதையும் 2026 காரிஃப் (ஜூனில் தொடங்கும் பருவம்) முதல் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. உங்கள் மாவட்டத்துக்கு, உங்கள் பயிருக்கு அது பொருந்துமா என்று பிரீமியம் கட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நெல்லுக்கு நம் பங்கு காரிஃபில் 2, ராபியில் (அதற்கு அடுத்த பருவத்தில்) 1.5 சதவீதம்தான். கடன் வாங்கியவர்களுக்கும் 2020 காரிஃப் முதல் இது கட்டாயம் இல்லை, ஆகவே சொசைட்டியில் தானாகப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

அறிகுறி: தண்ணீர் பிந்துகிறது, கடைமடைக்கு வருவதே இல்லை

பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு நீர்மட்டம் தினசரிப் பேப்பரில் வருகிறது. கார் சாகுபடி தென்மேற்குப் பருவமழையை நம்பியது. ஜூன் மாதக் கடைசியிலும் அணை தேறவில்லை என்றால், கால்வாய் கடைமடையில் இருக்கிறவர் முழு நிலத்துக்கும் நாற்றுப் பாவுவது சூதாட்டம். கிணறோ போரோ எத்தனை ஏக்கரைக் காப்பாற்றுமோ அத்தனைக்கு மட்டும் நெல். மிச்சத்தில் உளுந்து போடலாம், 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும். அதுவும் வேண்டாம் என்றால் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் பிசானத்துக்கு யூரியா குறையும். ஒரு பூ விட்டால் ஊர் என்ன சொல்லும் என்று நட்டு, கருகவிட்டு, செலவை இழந்தவர்களைவிட, நடாமல் விட்டவர்தான் அந்த வருஷம் கடன் இல்லாமல் இருப்பார்.

பிசானம் அறுக்கும் முன், ஈரம் இருக்கும்போதே உளுந்தைத் தூவி விடுவது நம் பக்கம் பழைய பழக்கம். ஏக்கருக்குப் பத்து கிலோ விதை, பூக்கும்போது 2 சதவீத டிஏபி கரைசல் தெளிப்பு, செலவு அவ்வளவுதான். அறுவடை வண்டிச் சக்கரம் முளையை நசுக்குகிறது என்று இப்போது பலர் விட்டுவிட்டார்கள். அறுத்த கையோடு விதைத்தாலும் பனி ஈரத்தில் வந்துவிடும்.

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். சிறு, குறு விவசாயி சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள், பல இடத்துக்கு அது சாவி.

அறிகுறி: வட்டி கட்டவே கடன் வாங்க வேண்டியிருக்கிறது

இங்கே வயலைச் சீர்திருத்திப் பயன் இல்லை, முதலில் கடனைப் பிரிக்க வேண்டும். ஒரு தாளில் எழுதுங்கள்: யாரிடம், முதல் எவ்வளவு, மாத வட்டி ரூபாயில் எவ்வளவு, அடமானம் என்ன, கெடு எப்போது. சதவீதத்தில் எழுதாதீர்கள், ரூபாயில் எழுதுங்கள். "அஞ்சு வட்டிதான்" என்று சொல்லும்போது சின்னதாகத்தான் தோன்றும். 50,000க்கு மாதம் 2,500, வருஷம் 30,000. அதே தொகையை வருஷத்துக்குப் பத்து சதவீதம் என்ற நகைக்கடனாக மாற்றினால் 5,000. வீட்டில் நகை இருந்தும் அதை வெளியே காட்டக் கூசி அஞ்சு வட்டி கட்டுகிற குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. கஷ்ட காலத்தில் கூட்டுறவு வங்கிக்கு நகை போவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

அடைக்கும் வரிசையும் முக்கியம். வழக்கமாக, வந்து சத்தம் போடுகிறவருக்குத்தான் முதலில் கொடுப்போம். அதை மாற்றி, மாத வட்டி அதிகம் உள்ளதை முதலில் முடியுங்கள். ஒரே ஒரு விலக்கு: கெடு தேதி தவறினால் சலுகை பறிபோகும் கடன். கூட்டுறவுப் பயிர்க்கடன் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. வங்கியில் கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை 7 சதவீதம், கெடுவுக்குள் கட்டினால் 4 ஆகக் குறையும். ஒரு நாள் தவறினாலும் ஒரு லட்சத்துக்கு வருஷக் கணக்கில் 3,000 ரூபாய் போச்சு. அந்தத் தேதியைக் காலண்டரில் அரிசி வாங்கும் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். கட்டி மறுபடி எடுக்க ஒரு வாரத்துக்குப் பணம் தேவைப்பட்டால் மச்சானிடமோ சித்தப்பாவிடமோ கேளுங்கள். அதற்கென்றே வாசலில் நிற்கிற ஆட்களிடம் வேண்டாம்.

இயற்கைச் சீற்றம் அறிவிக்கப்பட்டு, பயிர்ச் சேதம் 33 சதவீதத்துக்கு மேல் என்றால், குறுகிய காலப் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றச் சொல்லி வங்கியைக் கேட்கலாம். ரிசர்வ் வங்கி விதியிலேயே இடம் உண்டு. எத்தனை வருஷம் வரை நீட்டலாம் என்பதையும் அங்கேயே கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் கவுண்டரில் பதில் வராது. மனு எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்குங்கள்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. எழுதாத காசோலை, வெற்றுப் பாண்டுப் பத்திரம் கொடுத்திருந்தால் எந்தத் தேதியில் எத்தனை கொடுத்தோம், இதுவரை எவ்வளவு கட்டினோம் என்பதை எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். தனியாக வைத்துக்கொள்ளக் கூடாத விஷயம் இது. மிரட்டல் என்றால் காவல் துறையில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அறிகுறி: உழைப்பது நாம், உதவி எல்லாம் நில உரிமையாளர் பெயரில்

கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறவர் நிலம் என்று நெல்லையில் குத்தகை நிறைய. வாய்மொழிக் குத்தகை என்றால் அடங்கலில் உங்கள் பெயர் வராது, வராவிட்டால் பயிர்க்கடன், காப்பீடு, நிவாரணம் மூன்றும் சிக்கல். உரிமையாளரிடம் பருவத் தொடக்கத்திலேயே ஒப்புதல் கடிதம் கேளுங்கள். நிலம் போய்விடுமோ என்று பயப்படுவார். ஒரு பருவத்துக்கு மட்டும் என்று தேதி போட்டுக் கேட்டால் சிலர் கொடுக்கிறார்கள். கொடுக்காதவரிடம் கட்டுக்குத்தகையைவிட வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) பேசுவது கஷ்ட காலத்தில் நல்லது. விளையாத வருஷம் அவரும் பங்கு எடுத்துக்கொள்வார்.

அறிகுறி: எதையாவது விற்றாக வேண்டும்

சும்மா நிற்பதை முதலில். வருஷத்தில் சில நாள் மட்டும் ஓடுகிற, தவணை பாக்கி உள்ள டிராக்டர்தான் பல வீடுகளில் பெரிய ஓட்டை. அதற்கு அப்புறம் கிடா. மேலப்பாளையம் சந்தை செவ்வாய்க்கிழமை. பக்ரீத்துக்கு முன்னால் போனால் விலை பேச இடம் இருக்கும். பால் தருகிற மாட்டை விற்காதீர்கள், தினசரி காசு வருகிற ஒரே வழி அதுவாக இருக்கலாம். நிலத்தை விற்பதென்றால் கெடு நெருங்கும் முன்னால், ஒரு துண்டை மட்டும், அஞ்சு வட்டிக் கடன் முழுதாக அடையும் அளவுக்கு. பாதிக் கடனை அடைக்க நிலம் விற்றால் நிலமும் போய் மீதி வட்டியும் ஓடும்.

அறிகுறி: மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை

வீட்டுச் செலவுப் பக்கத்தைத் திறங்கள். மொய், கோயில் கொடை, சடங்கு, காலேஜ் பீஸ் நாலும் எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். இவற்றைக் குறை என்று சொல்ல நான் யார். பயிர்க்கடன் வாங்கிய வாரத்தில் இவற்றில் எது நடந்தது என்று மட்டும் தேதியை ஒப்பிடுங்கள்.

அதிலும் பிடிபடாவிட்டால் நோட்டை எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் போங்கள், கணக்கைப் பார்த்தால் அவர்களால் சொல்ல முடியும். அங்கே அசையாவிட்டால் மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இருக்கிறது. ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, சர்வே எண், கடன் கணக்கு எண், ரசீது நகல். மனு எண்ணைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.